டிரம் நிறையும் நேரம்

காலை நாலேகாலுக்குக் குழாய் முதலில் இருமும். பிறகு காற்று சீறும். அதற்கும் பிறகுதான் தண்ணீர். மாஹிமில் எங்களுடையது பழைய பகடி வாடகைக் கட்டடம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஐந்தரைக்குள் டிரம், இரண்டு அண்டா, நாலு குடம், பக்கத்து வீட்டு மாவ்ஷி வைத்துவிட்டுப் போகும் வாளி எல்லாம் நிறைந்தாக வேண்டும். அதுவரை அடுப்படியை விட்டு நகர முடியாது. கண்ணயர்ந்தால் கீழ்வீட்டுக்காரர் செருப்புச் சத்தத்தோடு மேலேறி வந்துவிடுவார். முப்பது வருடத்துக்கு மேலாக நான் நாவல் எழுதுவது இந்த ஒண்ணேகால் மணி நேரத்தில்தான்.

இருநூறு லிட்டர் டிரம் எங்கள் குழாய்க்கு முப்பத்தைந்து நிமிடம் எடுக்கும். அடியில் இருக்கும்போது சத்தம் கிணற்றுக்குள் பேசுவதுபோலக் கனமாக இருக்கும். ஏற ஏறக் குரல் மெலியும். கழுத்தை எட்டும்போது கீச்சென்று வரும். கீச்சு வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்தால் அன்றைக்கு நல்ல நாள். இங்கிலாந்தில் ஆந்தனி டிராலப் என்று ஒருவர், தபால் இலாகாவில் வேலை பார்த்தவர், மொத்தம் நாற்பத்தேழு நாவல் எழுதினார். விடிகாலை ஐந்தரைக்கு உட்காருவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. தன்னை எழுப்பிக் காபி கொடுக்கும் கிழட்டு வேலைக்காரருக்கு அதற்காகவே வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததைச் சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார். என்னை எழுப்புவது மும்பை மாநகராட்சி. அதற்கு நான் தண்ணீர் வரி கட்டுகிறேன்.

நான் பிறந்தது தாராவியில், 1962ல். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐம்பதுகளில் ரயிலேறி வந்து தோல்ஷாப்பில் உப்புப் போடும் வேலைக்குச் சேர்ந்தவர். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிறகு இன்னொரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் டீச்சர். 2020ல் ஓய்வு. கல்யாணமாகி மாஹிமுக்கு வந்தது 1991ல். வந்தது என்றால் பெரிய தூரமில்லை. தாராவிக்கும் மாஹிமுக்கும் நடுவில் தண்டவாளம்தான். ஸ்டேஷன் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் அம்மா வீடு. அச்சான நாவல் இரண்டு. முடியாமல் கிடப்பது மூன்று. அச்சானதைப் பற்றி யாராவது எப்போதாவது கேட்கிறார்கள். முடியாததைப் பற்றிப் பேச இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது.

ஊர் எழுத்துக்குப் புதிதில்லை. கடலோரம் தர்கா இருக்கிறதே, டிசம்பரில் பத்து நாள் மேளா நடக்குமே, அங்கே அடங்கியிருக்கும் மக்தூம் அலி மாஹிமி குர்ஆனுக்கு அரபியில் உரை எழுதியவர். காலமானது 1431ல். அந்தக் கணக்கில் எங்கள் பேட்டையில் அறுநூறு வருடமாக யாராவது விளக்கை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, “எப்படி டீச்சர் உங்களுக்கு மட்டும் யோசனை வருது?” யோசனை எல்லாருக்கும்தான் வருகிறது. லேடீஸ் கம்பார்ட்மென்டில் மாஹிமிலிருந்து தாதர் போவதற்குள் மூன்று நாவலுக்கான சரக்கு காதில் விழும். பாந்த்ரா பெண் தன் நாத்தனாரைப் பற்றிப் போனில் சொல்வது ஒன்றே நூறு பக்கம் போகும். வருவது சுலபம். தாதரில் இறங்கி, படியேறி, வெண்டைக்காய் வாங்கி வீடு திரும்புகிறவரை அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பாடு. நான் கெடுத்தது நிறைய. எப்படிக் கெடுத்தேன் என்பதை ஒரு புதன்கிழமையை வைத்துச் சொல்கிறேன்.

மாஹிமில் புதன்கிழமை என்றால் செயின்ட் மைக்கேல் சர்ச் நொவேனா. 1948லிருந்து நடக்கிறது. தொடர்ந்து ஒன்பது புதன் வந்தால் நினைத்தது நடக்கும் என்று எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். எல்.ஜே. ரோடு அன்றைக்கு நகராது. வாசலில் மெழுகு பொம்மை விற்பார்கள். கால் வலிக்குக் கால், கைக்குக் கை, பிள்ளை இல்லாதவர்களுக்குக் குழந்தை, வீடு வேண்டுமென்றால் மெழுகு வீடு. அங்கே விற்பவர்களில் ஒரு அம்மா தூத்துக்குடிப் பக்கம். என்னைத் தெரியும், அவர் பேத்தி என்னிடம் படித்தவள். 2003 வாக்கில் ஒரு நாள் அந்த மெழுகு வீட்டைக் கையிலெடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவு. ஓட்டுக் கூரை, முன்னால் கதவு. ஜன்னலே இல்லை. கேட்டேன்.

“கதவுதான் டீச்சர் கேப்பாங்க. ஜன்னல் வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார்.

அன்று இரவு இதை இரண்டு இடத்தில் எழுதினேன். பஸ்ஸில் வரும்போது பரீட்சைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் அவர் சொன்னதை அப்படியே எழுதி, வீடு 25 ரூபாய், கட்டைவிரல் ஓரத்தில் பழைய தீக்காயம், சில்லறையை மெழுகு அட்டைப்பெட்டியில் போடுகிறார் என்று சேர்த்தேன். வீட்டுக்கு வந்து, நல்ல நோட்டில், இங்க் பேனாவால், “கூரையில்லாதவர்களின் நகரத்தில் வீடு என்பது உருகும் ஒரு கனவு” என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போது என்ன நிறைவு! ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் அந்த வரியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. யாரும் எங்கேயும் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். மாஹிமுக்கு வராமலே எழுதியிருக்கலாம். பரீட்சைத் தாளோ, பார்த்தவுடன் அந்த அம்மாவின் மூக்குத்தியையும் மெழுகு வாசனையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றது.

எது குறிப்பு, எது குறிப்பு மாதிரி வேஷம் போடுவது என்கிற பாடம் எனக்கு முழுசாக ஏறியது 2005 ஜூலை 26ல். சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள். மித்தி ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதென்றே தெரியவில்லை. எங்கள் மாஹிம் வீட்டில் பெட்டி வைக்க இடமில்லை என்று என் கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் போட்டுத் தாராவியில் அம்மாவின் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். தரைத்தள வீடு. அம்மா மேல்மாடிக்காரர் வீட்டில் ஏறி உட்கார்ந்து தப்பித்தாள். பெட்டிக்கு அந்த யோகமில்லை.

மூன்றாம் நாள் திறந்தபோது நாற்றம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம். 140 பக்கம் ராயல் நீலத்தில் எழுதிய நாவல், ஒன்பது வருட வேலை, மேகம் மேகமாகக் கலைந்து கிடந்தது. துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காய வைத்தோம். காய்ந்த பிறகு நீலத் தாள்களில் ஒரு சொல் தேறவில்லை. ஆனால் இடையிடையே சொருகியிருந்த பரீட்சைத் தாள், டிக்கெட், பால் கணக்கு அட்டை இவற்றில் பென்சிலால் கிறுக்கியது அத்தனையும் இருந்தது. கார்பன் தண்ணீரில் கரையாது என்று நான்தான் ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்கு நானே நடத்திக்கொள்ளவில்லை. பத்து நாள் அழுதேன். பிறகு, போன 140 பக்கத்தை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதலாமென்று உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. எவ்வளவு இழைத்து இழைத்து எழுதிய வர்ணனைகள்! பென்சில் குறிப்புகளோ பார்க்காமலே வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அன்றிலிருந்து நடராஜ் பென்சில்தான். மொட்டையானால் காய் நறுக்கும் கத்தியாலேயே சீவிக்கொள்வேன்.

நடுவில் என் பேத்தி சொன்னாளே என்று போனில் பேசிப் பதிந்தும் பார்த்தேன். கேட்டால், நான் பேசியது அடியில் எங்கேயோ முனகுகிறது. மேலே “அக்லா ஸ்டேஷன் மாட்டுங்கா ரோடு” என்று அறிவிப்பம்மா கணீரென்று பேசுகிறாள். விட்டுவிட்டேன்.

இப்போது மூன்று நாவலும் மூன்று சேலை அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன, கோத்ரெஜ் பீரோவுக்கு மேலே. மேலே மார்க்கர் பேனாவால் ‘உப்பு’, ‘மெழுகு’, ‘குடை’. இவை தலைப்பு இல்லை. எந்தப் பெட்டி என்று தெரிவதற்காக. ஒன்றை எழுதும்போது மற்ற இரண்டும் சும்மா இருக்கும் என்று நினைத்தால் தப்பு. ‘மெழுகு’க்குள் இருக்கும்போதுதான் ‘உப்பு’வில் ஒருவன் என்ன பேசுவான் என்று தெரியும். மூன்று அடுப்பில் சமைக்கிறவளுக்கு இது விளங்கும்: சாதம் வேகும் என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை; தாளிக்கிற நேரத்தில் அது தானாக வேகும். அடிபிடிக்கிறதா என்று மூக்கு மட்டும் அந்தப் பக்கம் இருந்தால் போதும்.

மூக்குக்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு, ஒவ்வொரு பெட்டியிலும் மேலாக ஒரு தாள். ‘நின்ற இடம்’ என்று தலைப்பு. ஒரு நாவலை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன, அடுத்து என்ன பேசப் போகிறார் என்று மூன்றே வரி எழுதி வைத்துவிட்டு மூடுவேன். இந்த அத்தியாயத்தின் கருத்து என்ன, கதை எங்கே போகிறது என்பதெல்லாம் கிடையாது. ‘உப்பு’ பெட்டியில் வெகுகாலம் கிடந்த தாள் இது: “14. ராத்திரி பத்து. அவர் கோலி வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். கையில் பேப்பர் பொட்டலம், அரைக் கிலோ உப்பு, ஷாப்பிலிருந்து. அவள் கை நீட்டவில்லை.” இந்த இடத்தில் நாவல் பதினோரு வருடம் நின்றது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கோலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தாராவித் தமிழில் கோலி என்றால் ஒற்றை அறை வீடு, மராத்தியிலிருந்து வந்தது. எங்கள் அம்மாக்கள் வாயில் திருநெல்வேலியும் பம்பாயும் பிசைந்துதான் இருக்கும். “கோலிய காலி பண்ணச் சொல்லுதான், நான் நாக்காலயா போய் நிப்பேன்” என்பாள் ஒருத்தி; நாக்கா என்றால் தெருமுனை. என் முதல் நாவலை மெய்ப்புப் பார்த்த ஒரு நல்ல மனுஷர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ‘கோலி வாடகை 15 ரூபாய்’ என்பதைக் ‘கூலி, வாடகை 15 ரூபாய்’ என்று திருத்திவிட்டார். நாவல் முழுக்க. என் கதாநாயகி கூலியில் பிறந்து, கூலியில் பிள்ளை பெற்று, கடைசியில் கூலியைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். ஒரு விமர்சகர் அதை உழைப்பின் குறியீடு என்று பாராட்டி எழுதினார். நான் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

முடிக்காமல் வைத்திருப்பது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று தெரிந்துகொள்ள நாளானது. பாரதியின் ‘சந்திரிகையின் கதை’ முடியாமல் நின்றது. 1921ல் அவர் போய்விட்டார். புதுமைப்பித்தன் ‘அன்னை இட்ட தீ’ என்று ஒரு நாவலைத் தொடங்கி, முடிக்கவில்லை. கல்கி 1954ல் காலமானபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. அவர் குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார். குறிப்பு வைத்துக்கொள்வதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் அத்தாட்சி அது. சுந்தர ராமசாமி ‘ஒரு புளியமரத்தின் கதை’யைச் ‘சரஸ்வதி’ பத்திரிகையில் தொடராகத் தொடங்கினார். இடையில் நின்றுபோன தொடர் அது. 1966ல் முழு நாவலாக வந்தது. நின்ற காலத்தில் அந்த மரம் அவருக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்க ஆசை. கேட்கிற தைரியம் வந்தபோது அவர் இல்லை.

பக்கத்திலேயே பார்ப்பதானால் எங்கள் மாஹிம்காரர் ஜெரி பின்டோ. ‘எம் அண்ட் த பிக் ஹூம்’ என்ற அவருடைய ஆங்கில நாவல் 2012ல் வந்தது. மாஹிமில் சின்ன ஃபிளாட், அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்; அம்மாவுக்கு மனநோய். இவ்வளவுதான் கதை. அதை எழுதி எழுதிக் கிழித்து முடிக்க இருபது வருடத்துக்கு மேலானது. 2016ல் சாகித்திய அகாதெமி பரிசு. அந்த இருபது வருடமும் மனுஷர் சும்மா இருக்கவில்லை: பத்திரிகை வேலை, கவிதை, நடிகை ஹெலனைப் பற்றி 2006ல் ஒரு புத்தகம். முடியாத நாவலைப் பீரோ மேல் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். 2017ல் ‘மர்டர் இன் மாஹிம்’ என்று துப்பறியும் கதை. பிணம் கிடப்பது மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன் கழிப்பறையில். அந்த ஸ்டேஷனை நான் ஆயிரம் தடவை தாண்டியிருப்பேன். எனக்கு ஒரு பிணமும் அகப்படவில்லை.

நாஞ்சில் நாடன் 1972ல் வேலை தேடி பம்பாய் வந்தார். கம்பெனி வேலை, ஊர் ஊராய்ச் சுற்றல், நடுவில் எழுத்து. 1977ல் வந்த அவருடைய முதல் நாவல் ‘தலைகீழ் விகிதங்கள்’ முழுக்க முழுக்க நாஞ்சில் நாடு. பம்பாயில் உட்கார்ந்துகொண்டு ஊரை எழுதினார். வேலை தேடி இந்த ஊருக்கு வரும் பையனை எழுத 1986ல் ‘மிதவை’ வரவேண்டியிருந்தது. இதை நான் என் சௌகரியத்துக்கு இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எதிரே இருப்பது கதையாக நாளாகும். எனக்குத் தாராவியிலிருந்து தண்டவாளம் தாண்டி மாஹிமுக்கு வந்த பிறகுதான் தாராவி எழுத வந்தது. நானூறு மீட்டர் போதுமானதாக இருந்தது.

‘குடை’ பெட்டி இலேசானது. உள்ளே ஒரே ஒரு தாள். 2006 ஜூலை 11, சாயங்காலம் ஆறரை வாக்கில் மேற்கு லைன் ரயில்களில் வரிசையாகக் குண்டு வெடித்தது. பதினோரு நிமிடத்தில் ஏழு. ஒன்று மாட்டுங்கா ரோடில், ஒன்று மாஹிமில். என் வீட்டுக்காரர் அந்த லைனில்தான் வருவார். போன் போகவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குக் கதவு தட்டினார். லோயர் பரேலிலிருந்து நடந்தே வந்திருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் செருப்பைக் கழற்றினபடியே, “குடை போச்சு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை. தாளில் அந்த இரண்டு சொல், தேதி, நேரம். இதை வைத்து என்ன எழுதுவதென்று பத்தொன்பது வருடமாகத் தெரியவில்லை. எழுதவே வேண்டாம் என்றும் இருக்கலாம். பெட்டியைத் தூக்கிப் போடவும் மனமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை தூசி தட்டித் திரும்ப மேலே வைக்கிறேன்.

பணம் பற்றியும் கேட்கிறார்கள், சுற்றி வளைத்து. என் முதல் நாவல் 1,200 பிரதி அச்சடித்தார்கள். விற்கப் பத்து வருடம் ஆனது. இரண்டாவது 300 பிரதிதான். தீர்ந்தால் மறுபடி 50, 100 என்று அடித்துக்கொள்ளலாம் என்கிற புது வசதி. விலையில் நூற்றுக்குப் பத்து எனக்கு. போன வருடம் வந்த ராயல்டிக்கு மாட்டுங்காவில் நாங்கள் இரண்டு பேர் போய் ரசவடையும் காபியும் சாப்பிட்டோம். மிச்சமும் இருந்தது.

‘உப்பு’க்கு வருகிறேன்.

தோல்ஷாப்பு இப்போது இளம்பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்றைக்குத் தாராவியில் தோல் பதனிடுவது ஏறக்குறைய இல்லை. பதனிட்ட தோல் வெளியூரிலிருந்து வருகிறது. இங்கே பையும் பெல்ட்டும் தைத்துக் கண்ணாடிக் கடையில் ஏசி போட்டு விற்கிறார்கள். என் சின்ன வயதில் ரத்தம் காயாத பச்சைத் தோல் வண்டி வண்டியாக வரும். வந்தவுடன் உப்புப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அழுகி மயிர் உதிரும், தோலில் புள்ளி விழும். விரித்து, கல்லுப்பைக் கை நிறைய அள்ளித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஊறல், சுண்ணாம்புத் தொட்டி, மயிர் எடுப்பது எல்லாம். அப்பாவின் கை அதில்தான் இருபத்தாறு வருடம். விரலிடுக்கில் வெடிப்பு ஆறவே ஆறாது. சோற்றில் ரசம் ஊற்றினால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். தெருவில் அவரைத் துரை என்று கேலி செய்வார்கள்.

அவர் எப்போதாவது ஷாப்பிலிருந்து உப்புப் பொட்டலம் கொண்டுவருவார். தோலில் படாத, சாக்கிலிருந்து எடுத்த புது உப்பு. காசு மிச்சம். அம்மா அதைக் கை நீட்டி வாங்கி நான் பார்த்ததில்லை. அவர் திண்ணையோரம் வைப்பார். காலையில் பொட்டலம் இருக்காது. அதை வைத்துத்தான் பதினாலாவது அத்தியாயம். அவள் ஏன் வாங்கவில்லை? நான் போட்ட கற்பனைக்கு அளவில்லை. ஒரு சமயம் அவளுக்குச் சுயமரியாதை கொடுத்தேன், ஒரு சமயம் சண்டை கொடுத்தேன். இன்னொரு சமயம் பதினெட்டுப் பக்கத்துக்கு அவள் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டு போகிறாள். எதுவும் உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் எழுதி, மூடி, வேறு பெட்டிக்குப் போய்விடுவேன்.

அம்பை மும்பையிலேயே இருந்து எழுதுகிறவர். அவர் பங்கெடுத்து 1988ல் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் பெண்களை உட்காரவைத்து, அவரவர் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்கிறது. இது எனக்குப் பல வருடமாகத் தெரியும். பள்ளியில் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்று. பாலம் ஏறி இறங்கினால் அம்மா. நான் கேட்கவில்லை. நாவலாசிரியை அல்லவா, நானே கண்டுபிடிக்க வேண்டுமென்ற வீம்பு.

2019ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் உட்கார்ந்து மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது வயது. கல்லுப்பைப் போட்டுச் சட்டியில் உரசுகிறாள். சும்மா கேட்டேன்.

“ஏம்மா, அப்பா ஷாப்புலருந்து உப்பு கொண்டாருவாவளே, நீ கையில வாங்க மாட்டியே, ஏன்?”

தலை நிமிராமலே சொன்னாள்: “ராத்திரி உப்ப கையில வாங்குவாவளா? சண்டை வரும்லா. கீழ வையின்னுதான் சொல்லுவேன். காலையில எடுத்து மீனுக்குப் போடுவேன்.”

அவ்வளவுதான். ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். எனக்கே தெரியும், நானே என் மருமகளிடம் உப்பைக் கையில் கொடுக்காமல் மேடையில் வைப்பவள்தான். நாவலில் அவளுக்கு எத்தனை பக்கம் கோபம் கொடுத்திருந்தேன்! வீட்டுக்கு வந்து பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்துப் பால்காரர் கணக்கெழுதக் கொடுத்தேன். மறுநாள் டிரம் நிறைவதற்குள் பதினாலாவது அத்தியாயம் முடிந்தது. ஒரு பக்கத்துக்கும் குறைவு. அவர் வைக்கிறார், அவள் காலையில் எடுக்கிறாள், மீன் கழுவுகிறாள். சண்டை வரக்கூடாது என்று அவள் நினைத்ததை நான் எழுதவே இல்லை.

இப்போது இருபத்திரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். ‘நின்ற இடம்’: “ஷாப்பு மூடப்போவதாகப் பேச்சு. அவர் சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக உட்கார்ந்து பீடி பற்றவைக்கப் பார்க்கிறார். விரல் மடங்கவில்லை. பக்கத்திலிருப்பவன் தீக்குச்சியைக் கிழிக்கிறான்.” அவன் யார் என்று இன்னும் தெரியாது. ஒருவேளை ‘மெழுகு’ அம்மாவின் புருஷனாக இருக்கலாம். அப்படியானால் இரண்டு பெட்டியை ஒன்றாக்க வேண்டிவரும். சேலைப் பெட்டி தாங்காது.

இந்த வாரத்துக் குறிப்புகள் மூன்று. ஒன்று, சீதலாதேவி மெட்ரோ ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் ஒரு கோளி மீனவப் பாட்டி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, கோயில் படி ஏறுகிற பவ்யத்தோடு ஏறினாள். அது ‘மெழுகு’க்கு. இரண்டாவது, ரயிலில் ஒரு பெண் போனில், “நான் அழல, வெங்காயம் நறுக்கிக்கிட்டு ரயில்ல வர்றேன்” என்றாள். எந்தக் கதைக்கும் உதவாது, சிரித்ததற்காக எழுதினேன். மூன்றாவது அம்மா வீட்டில். தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் நம்பர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு எப்போது இடியும், எங்கே கொடுப்பார்கள் என்று தெரு முழுக்க அதே பேச்சு. நேற்றுப் போனால், அம்மா அந்த நம்பரைத் துடைத்துச் சுற்றிலும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்திருக்கிறாள். ஏன் என்று இந்தத் தடவை உடனே கேட்டேன்.

“வெள்ளிக்கிழமைல்லா” என்றாள்.

இது எந்தப் பெட்டிக்கு என்று முடிவாகவில்லை. அடுப்படி மேடையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.